சம்பளம் இல்லாமல் பெரிய பாடகருக்கு முன்னால் வாசிக்கப் போகலாமா?

கேள்வி: பிரபலப் பாடகர் ஒருவரின் ஊர் ஊரான கச்சேரிகளில் முதல் அரைமணி நேரம் வாசிக்க எங்கள் குழுவைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, "பேர் கிடைக்கும்" என்கிறார்கள். போகலாமா?

போங்கள். ஆனால் பேட்டாவும் வேன் வாடகையும் பேசாமல் வண்டி ஏறாதீர்கள். நீங்கள் கல்லூரி முடித்த கையோடு குழு ஆரம்பித்தவர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். சம்பளம் இல்லாததை இந்த வயதில் பொறுத்துக்கொள்ளலாம். கைக்காசில் டீசல் போட்டு அடுத்தவர் கச்சேரிக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் கீபோர்டு வாசிப்பவன், கோவில்பட்டிக்காரன். ஒரு சினிமாப் பாடகரின் குழுவுக்கு முன்னால் தென் மாவட்டங்களில் ஒரு சீசன் முழுக்க வாசித்தோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார். சங்கடமெல்லாம் ஏற்பாடு செய்தவர்களால் வந்தது.

கச்சேரிக்கு முன் மைக்கும் வாத்தியச் சத்தமும் சரிபார்க்கிற சவுண்ட் செக்கில் பெரிய குழு முதலில் பார்க்கும், முதலில் வாசிக்கிற குழு கடைசியில் பார்க்கும். அதில் நியாயம் இருக்கிறது: கடைசியாக வைத்த வாத்தியங்கள் அப்படியே மேடையில் இருந்தால் உடனே ஆரம்பித்துவிடலாம். ஆனால் மதியம் வருவதாகச் சொன்ன சவுண்ட் செட் பொழுது சாயத்தான் வந்து இறங்கும். பெரிய குழு பார்த்து முடிப்பதற்குள் சனம் வந்து உட்கார்ந்துவிடும், நம் முறை போச்சு. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. தாமதமான நேரத்தை முதல் அரைமணியில்தான் வெட்டுவார்கள்.

தூத்துக்குடியில் அப்படித்தான் ஆனது. பெரிய குழுவின் டிரம்ஸை நகர்த்தக்கூடாது என்று எங்களை மேடை விளிம்பில் உட்கார வைத்தார்கள். கடல்காற்றில் தபேலாத் தோல் இறங்கிப்போக, எங்கள் தபேலா அண்ணன் குனிந்து சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றினார். பாட்டு எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவருடைய மைக்கை யாரும் திறக்கவே இல்லை. நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. கூட்டம் பாடகர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் இருந்தவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அண்ணன் என்னைப் பார்த்து, நிறுத்தாதே என்று தலையசைத்தார். அவர் விரலைப் பார்த்தே தாளம் பிடித்து வாசித்தேன். பல்லவி முடிந்து இளையராஜாவின் இடையிசை வரும்போது யாரோ மைக்கைத் திறந்துவிட்டார்கள். அந்தத் தபேலா நடை வெளியே கேட்டதும் முன்வரிசையில் கத்திய பையன்களே தொடையில் தாளம் போட்டார்கள். பேசிய பாட்டுகளில் பாதிதான் வாசிக்கக் கிடைத்தது. ஆனால் இறங்கி வரும்போது ஒருவர் கல்யாணக் கச்சேரிக்கு நம்பர் வாங்கிக்கொண்டார்.

"பெரிய மேடை கிடைத்ததே பெரிசு, இதில் குறை வேறா" என்று சிலர் வருவீர்கள். நான் மேடையைக் குறை சொல்லவில்லை. 1963இல் பீட்டில்ஸ் குழுவே ஹெலன் ஷாப்பிரோ என்ற பதினாறு வயதுப் பாடகியின் பயணத்தில் துணைக் குழுவாகப் போனது. 1967இல் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மங்கீஸ் என்ற பாப் குழுவுக்கு முன்னால் வாசித்தபோது, வந்திருந்த சின்னப் பெண்கள் மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸ் பெயரைத்தான் கத்தினார்கள். சில கச்சேரிகளிலேயே ஹென்ட்ரிக்ஸ் விலகிவிட்டார். அவர் வாசிப்பில் குறையா? வந்த கூட்டம் வேறு, அவ்வளவுதான்.

அதனால் இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசுங்கள். மிக்ஸரில் உங்கள் மைக், வாத்தியங்களுக்கு எத்தனை சேனல், மைக் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவாவது எப்போது நேரம் தருவார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பேனரில் குழுவின் பெயர் இருக்க வேண்டும். பேர் கிடைக்கும் என்றவர்கள் அதைக்கூடப் போடவில்லை என்றால் அப்புறம் என்ன பேர்? முதல் பாட்டு, மானிட்டர் இல்லாமலும் வாசிக்கிற அளவுக்குப் பழகியதாக இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் பக்கம் கோயில் கொடைகளில் லேப்டாப்பில் பதிவு செய்த இசை ட்ராக் போட்டு இரண்டு பேர் பாடிவிட்டுப் போகிறார்கள். செலவு குறைவு என்று கமிட்டியும் சம்மதிக்கிறது. அத்தனை வருடம் வாசித்த தபேலா அண்ணனுக்கு இந்த ஆடியில் ஒரு கச்சேரியும் வரவில்லை. எனக்கு அது தாங்கவே இல்லை. உங்கள் குழுவில் தோல் வாத்தியக்காரர் இருந்தால், வேனில் இடமில்லை என்று அவரை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் தாளப் பேடை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பேட்டா பேசும்போது அவரையும் சேர்த்தே தலைக்கணக்குச் சொல்லுங்கள்.