அம்மோனிய ராஜா நாகாஸ் ஏன் வலது கண்ணைக் கேட்டான்?

வேதாகமத்தின் 1 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. நாகாஸ் திடீரென்று வந்து, கீலேயாத்திலுள்ள இஸ்ரவேலரின் ஊரான யாபேசை முற்றுகையிடுகிறான். சரணடையத் தயாராக இருந்தவர்களிடம், எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். எதற்காக?

சவக்கடல் அருகேயுள்ள கும்ரானின் 4-ஆம் குகையில் 1952-இல் கிடைத்த சாமுவேல் சுருளில் நம் வேதாகமத்தில் இல்லாத ஒரு பத்தி இருக்கிறது. யோர்தானுக்குக் கிழக்கே வாழ்ந்த காத், ரூபன் என்ற இஸ்ரவேல் கோத்திரத்தாரை நாகாஸ் ஏற்கனவே கொடுமையாக ஒடுக்கி, அவர்களுடைய வலது கண்களைப் பிடுங்கியிருந்தான். தப்பிய 7,000 பேர் யாபேசுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டுதான் அவன் அங்கே வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஏன் வலது கண்? யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்லும் காரணம் இது: போரில் கேடயம் இடது கண்ணை மறைத்துவிடும். வலது கண்ணும் போனால் ஒருவன் போர் செய்யவே முடியாது. ஆனால் வயலில் உழைக்கலாம், கப்பம் கட்டலாம். எவ்வளவு கொடூரமான கணக்கு!

யாபேசின் மூப்பர்கள் 7 நாள் தவணை கேட்டார்கள். செய்தி சவுலின் ஊரான கிபியாவுக்குப் போனது. வயலிலிருந்து வந்த சவுல், இஸ்ரவேலின் முதல் ராஜா, ஓரிணை மாடுகளைத் துண்டித்து நாடெங்கும் அனுப்பி, ஆட்களைப் பேசேக்கில் திரட்டினான். மூன்று படைகளாகப் பிரிந்து விடியற்காலையில் பாளயத்துக்குள் புகுந்து, வெயில் ஏறுவதற்குள் அம்மோனியரைச் சிதறடித்தான்.

அந்த நன்றியை யாபேஸ் மறக்கவில்லை. பின்னாளில் போரில் இறந்து பெத்சான் நகர மதிலில் தொங்கவிடப்பட்ட சவுலின் உடலை, இரவு முழுதும் நடந்துபோய் எடுத்துவந்தது அந்த ஊரார்தான்.