சீனாவில் 'வீட்டுச் சபை' என்றால் என்ன?

அரசிடம் பதிவு செய்யாமல் வீடுகளிலோ வாடகைக் கூடங்களிலோ கூடி வழிபடும் புராட்டஸ்டண்ட் குழுக்களைத்தான் அப்படி அழைக்கிறார்கள். பதிவு பெற்ற சபைகள் 1954இல் அமைந்த 'மூன்று சுய' தேசபக்தி இயக்கத்தின் கீழ் வருகின்றன. சொந்த நிர்வாகம், சொந்தப் பணம், சொந்தமாக மதத்தைப் பரப்புதல் என்பவையே அந்த மூன்று.

சபைகள் அரசிடம் பதிய வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாடு ஏன்? பலரும் கம்யூனிசத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிடுகிறார்கள். வேர் அதற்கும் முந்தையது. பிரிட்டனும் பிரான்சும் தொடுத்த இரண்டாம் அபினிப் போர்க் காலத்தில் சீனாவின் மீது திணிக்கப்பட்ட 1858ஆம் ஆண்டுத் தியான்ஜின் ஒப்பந்தங்கள்தான் மிஷனரிகளுக்கு உள்நாட்டுக் கதவைத் திறந்தன. பீரங்கிக்குப் பின்னால் வந்த மதம் என்ற கசப்பு எளிதில் போகுமா? தன் பிடிக்குள் வராத எந்த அமைப்பையும் கட்சி சந்தேகிப்பது அதோடு சேர்ந்துகொண்டது.

உரிமம் பெற்ற உணவகத்தையும் வீட்டில் நடக்கும் பந்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்துப் பேர் சாப்பிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பந்தி தெருவரை நீண்டால் அதிகாரி வந்து நிற்பார்.

சீனாவில் பைபிளே தடை என்று சொல்வது தவறு: 2018இல் அது இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது உண்மை, ஆனால் நான்ஜிங்கின் அமிட்டி அச்சகம் கோடிக்கணக்கில் அச்சிட்ட அதே நூல் பதிவு பெற்ற சபைகளில் விற்கப்படுகிறது.