மகள் வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்கு வெளிநாடு போகிறேன் என்கிறாள்: மயிலாடுதுறைப் பக்கத்துத் தந்தை ஒருவருக்கு

ஐயா, உங்கள் மகள் பி.சி.ஏ. கடைசி வருஷம். படிப்பு முடிந்த கையோடு பப்புவா நியூ கினி போய் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவப்போகிறேன் என்கிறாள், தடுப்பதா அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அழைப்பு உண்மைதானா என்பதை அவளும் உங்கள் சபைப் போதகரும் ஜெபித்துப் பார்க்கட்டும். எங்களால் சொல்ல முடிவது வேலையைப் பற்றி மட்டும். படிப்பு முடிந்த கையோடு வேண்டாம். இரண்டு வருஷத் தயாரிப்பு தேவை. அதில் பெரும்பகுதியைக் காவிரிக் கரையை விட்டு நகராமலே முடித்துவிடலாம்.

அவள் அங்கே போய் உட்கார்ந்து பைபிளை மொழிபெயர்க்கப்போவதில்லை. இன்று வசனங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெளியிலிருந்து போகிறவர்கள் துணை நிற்பவர்கள்: எழுத்துமுறை அமைக்க உதவுவார்கள், எபிரெய, கிரேக்க மூலத்தை விளக்குவார்கள், கணினி பார்ப்பார்கள், கணக்கு எழுதுவார்கள், அச்சுக்குப் பக்கம் அமைப்பார்கள், ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார்கள். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரருக்கு இது புதிதில்லை. 1706இல் அங்கே வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் பெயரைத்தான் நாம் சொல்கிறோம். ஆனால் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்றது. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தவர்களும் அச்சுக் கோத்தவர்களும் இல்லாமல் 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்திருக்காது. அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் மகள் சேரப்போவது அந்த வரிசையில். அதற்கு மனம் ஒப்புகிறதா என்று முதலில் கேளுங்கள்.

வேலை நடக்கும் முறை இது. ஒருவர் வரைவு எழுதுவார். குழு அதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும். பிறகு ஊராரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பார்கள். அடுத்தது மறுமொழிபெயர்ப்பு: வரைவில் கை வைக்காத ஒருவர் அதை ஆலோசகருக்கும் புரியும் ஒரு பொதுமொழிக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுதியவரே திருப்பினால், எழுதியதைச் சொல்லமாட்டார், எழுத நினைத்ததைச் சொல்வார். தவறு அங்கேதான் ஒளியும். அதை வைத்து ஆலோசகர் வசனம் வசனமாகச் சரிபார்ப்பார். புதிய ஏற்பாடு மட்டுமே பல வருஷ வேலை.

இந்த வேலைக்குத் தமிழ்ப் பிள்ளை கொண்டுபோகும் சீதனம் ஒன்று உண்டு: நாம், நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பப்புவா நியூ கினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். அங்கே பொதுமொழியான டோக் பிசினில் 'யுமி' என்றால் நாம், 'மிபேலா' என்றால் நாங்கள். புயலில் படகு தத்தளிக்கும்போது சீடர்கள் இயேசுவை எழுப்பி, மடிந்துபோகிறோமே என்கிறார்கள். அவரையும் சேர்த்தா, தங்களை மட்டுமா? நம் பழைய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என்கிறது. இப்படி ஒரு கேள்வி இருப்பதே ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குச் சட்டென்று உறைக்காது.

குறையும் உண்டு. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கிறது, எழுத்து ஒன்றுதான். அதனால் நம் காது அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்த ஒலிகள் பொருளையே மாற்றும் மொழியில், இரண்டு சொல்லையும் ஒன்றுபோல எழுதிவைத்துவிட்டு, ஊரார் ஏன் சிரிக்கிறார்கள் என்று விழிப்பாள். இதற்குப் பயிற்சி உங்கள் வயலிலேயே கிடைக்கும். நாற்று நட வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களே, அவர்கள் மொழியில் க வரிசையே நான்கு. அனுமதி கேட்டு நூறு சொற்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு ஒலிக்கும் தனிக் குறி உள்ள சர்வதேச ஒலிப்பு எழுத்தில் (ஐ.பி.ஏ.) எழுதி, அவர்களிடமே திருப்பி வாசிக்கட்டும். எத்தனை சொல்லுக்கு முகம் சுளிக்கிறார்கள் என்பதுதான் மதிப்பெண்.

முறையாகப் படிக்க எம்.ஏ. மொழியியல், இரண்டு வருஷம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை நாடறிந்தது. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. கணினிப் பக்கம்தான் போவேன் என்றால் முழுப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் மொழிபெயர்ப்புக் குழுக்கள் கையாளும் பாராடெக்ஸ்ட், அகராதி தொகுக்கும் ஃபீல்டுவொர்க்ஸ் இரண்டும் கைக்கு வர வேண்டும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறிமுறையான யூனிகோடு, விசைப்பலகை அமைப்பு இரண்டிலும் சந்தேகமே இருக்கக் கூடாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு வேறு கணினியில் குப்பையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அப்படி ஆனால், போவது ஒரு மொழியின் பத்து வருஷ உழைப்பு.

படிப்புக்கு நடுவே ஒரு கோடை விடுமுறையைத் தமிழே பேசாத ஊரில், ஒடிசாவிலோ ஜார்கண்டிலோ, கழிக்கட்டும். உப்பில்லாத சோறு, மின்சாரமில்லாத இரவு, வாய்ச்சொல் உதவாத தனிமை. திரும்பி வந்தபின்னும் போகத்தான் வேண்டும் என்றால் அந்த ஆசையை நம்பலாம்.

பணத்தில்தான் பலர் இடறுகிறார்கள். பெரும்பாலான அமைப்புகளில் சம்பளம் கிடையாது. சபைகளும் நண்பர்களும் தாங்க வேண்டும். அறுபது குடும்பங்கள் மாதம் 500 ரூபாய் என்றால் 30,000. காகிதத்தில் சரி. டெல்டாவில் கையில் காசு புரள்வது குறுவை அறுப்பிலும் தையில் சம்பா அறுப்பிலும்தான். மேட்டூர் திறக்கத் தாமதமானால் அதுவும் இல்லை. அவளுக்கோ மாதாமாதம் அரிசி வாங்க வேண்டும். ஆறு மாதச் செலவு வங்கியில் சேராமல் விமானம் ஏற விடாதீர்கள். திரும்பி வர டிக்கெட் பணம் தனி. அனுப்பும் அமைப்பிடம், பணத்தை எந்தச் சட்ட வழியில் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இந்திய அறக்கட்டளை வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால் சாதாரணமாக வரிவிலக்கு கிடையாது, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். கேள்வி கேட்டதும் முகம் கடுக்கும் அமைப்பு வேண்டாம்.

காகிதங்களில் பெயர்தான் முதல் தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஞானஸ்நானச் சான்றில் இன்னொரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக. மூன்றையும் ஒன்றாக்கிய பிறகே மற்ற வேலை. பட்டச் சான்றுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான முத்திரை. போகும் நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்று. போலீஸ் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். முதலிலேயே வாங்கிவைத்து, விசா கேட்கும்போது பழசாகி, மறுபடி வரிசையில் நிற்பவர்கள் உண்டு. விசா, சமய ஊழியத்துக்கான விசாவாகவே இருக்கட்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பிடிபட்டால் அவளோடு அந்தக் குழுவின் வேலையும் நிற்கும்.

மலேரியா அங்கே அன்றாடம். முழுப் பரிசோதனையோடு, இரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கும் ஜி6பிடி சோதனையும் இங்கேயே எடுத்துவிடுங்கள். அந்தக் குறைபாடு இருப்பவருக்குச் சில மலேரியா மாத்திரைகள் இரத்த அணுக்களை உடைக்கும்.

கல்யாணப் பேச்சு ஓடுகிறதா? அப்படியென்றால் வரன் வீட்டாரிடம் இதை மறைக்காதீர்கள். தம்பதியாகப் போனால் இருவரையுமே அமைப்புகள் நேர்காணல் செய்து, இருவருக்குமே பயிற்சி கேட்பது வழக்கம். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், நேர்காணலில் முதல் கேள்வியே மாப்பிள்ளையிடம்தான் போகும்.