கடல் நுண்ணுயிர்களும் மும்பையின் காலநிலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலில் உள்ள நுண்ணுயிர்களே கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்போது மும்பைக்கென்று தனியே ஒரு காலநிலைத் திட்டம் எதற்கு?
– மாட்டுங்கா வாசகர்

பலருக்கும் இருக்கும் குழப்பம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில் நடக்கிறது என்பதும், 1980களில் கண்டறியப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் என்னும், ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக அடங்கிவிடும் நுண்ணுயிருக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதும் உண்மையே. ஆனால், அவை எடுக்கும் கரியமில வாயுவில் மிகப் பெரும்பகுதி அவற்றைத் தின்னும் உயிர்களின் சுவாசம் வழியாகத் திரும்பிவிடுகிறது. ஆழ்கடலுக்கு இறங்குவது சிறு பங்குதான். மனிதர் வெளியிடுவதில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் ஏற்பதற்கு முதன்மையான காரணம், அவ்வாயு நீரில் தானாகக் கரைவதே. அப்படிக் கரைந்து கரைந்து, தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. மேல்நீர் சூடேறுவதால் அடியிலுள்ள சத்தான குளிர்நீர் மேலே வருவதும் குறைந்து, டயட்டம் போன்ற நுண்பாசிகள் உணவின்றி வாடுகின்றன. ஆகவே, 2022 மார்ச்சில் வெளியான மும்பை காலநிலைச் செயல்திட்டம் 2050க்கு வைத்திருக்கும் நிகரச் சுழிய இலக்கை (வெளியிடும் கரியமில வாயுவும் திரும்ப எடுக்கப்படுவதும் சமமாகும் நிலையை), கடலை நம்பித் தள்ளிப்போட முடியாது.

வாஷி பாலத்தை ரயிலில் கடக்கும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் முழுக்கச் சாக்கடையால் வருவதா?
– மான்குர்த் வாசகர்

முழுக்க அன்று. காற்றுப் புகாத அலையாத்திச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. கரையோரச் சேற்றைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: மேலே பழுப்பாக இருப்பது விரலளவு கீழே மைபோலக் கருத்திருக்கும், அந்தக் கருமை இரும்பு சல்பைடு. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் வாயுவை உருவாக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உணவை இந்த பாக்டீரியாக்களே முந்திக்கொண்டு எடுத்துவிடுவதால் மீத்தேன் மட்டுப்படுகிறது. சாக்கடைக் கழிவு அளவுமீறிச் சேர்ந்தால் இந்த ஏற்பாடு குலைந்துபோகும். அந்தப் பாலத்தின் கீழே உள்ளதும், 2022இல் ராம்சர் ஈரநிலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டதுமான தானே கழிமுகத்தில் சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது காலநிலைக்கும் இழைக்கும் தீங்கு என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

ஜூஹு கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்வது நல்லதா?

அதற்குப் பெரும்பாலும் நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரே காரணம். அலை மோதினால் ஒளிரும். அந்த ஒளியால் கேடில்லை. அது பெருந்திரளாகப் பெருகி மடியும்போது, மக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதுதான் மீன்களுக்கு ஆபத்து.

பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு ஈரக் குப்பையைப் பிரிப்பதால் என்ன பயன்?
– தாராவி வாசகி

பயன் உண்டு அம்மா. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவ்னார் போன்ற மேடுகளின் உள்ளே காற்றில்லாததால், மேலே சொன்ன ஆர்க்கியாக்கள் உணவுக் கழிவை மீத்தேனாக மாற்றுகின்றன; 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நகரின் உமிழ்வில் எரிசக்தியின் பங்கே 70 சதவீதத்துக்கு மேல், குப்பையின் பங்கு 10 சதவீதத்துக்குள்தான் என்றாலும், இது நம் கைக்கு எட்டும் பங்கு. இடமில்லாதவர்கள் கச்சரா வண்டியில் பிரித்துக் கொடுத்தாலே போதும். செம்பூரில் எங்கள் பால்கனியில், பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையில் காய்கறித் தோலையும் காபி மண்டியையும் போட்டு, ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடி தென்னைநார்த்தூள் தூவுகிறோம். நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் போதவில்லை என்று பொருள், உடனே கிளறிவிட வேண்டும்.