நீண்ட ஆங்கிலச் சொற்களை எங்கே பிரிப்பது? கேள்வி-பதில்

கேள்வி: எழுத்தைப் பார்த்தே ஒரு சொல்லில் எத்தனை அசை (சிலபிள், ஒரே வீச்சில் ஒலிக்கும் துண்டு) என்று சொல்லிவிடலாமா?

முடியாது, காதால்தான் எண்ண வேண்டும். புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டினால் மூன்று அசை போலத் தோன்றும். ஒலிப்பில் 'வென்ஸ்-டே', இரண்டுதான். 'கம்ஃபர்டபிள்' பேச்சில் பெரும்பாலும் மூன்றாகச் சுருங்கும். 'ரிதம்' நேர்மாறு. ஐந்து உயிரெழுத்தில் ஒன்றுகூட அதில் இல்லை, ஆனாலும் இரண்டு அசை.

கேள்வி: 'ஃபோட்டோகிராஃப்' என்றால் புரிகிறது, 'ஃபோட்டோகிராஃபி' என்றால் எதிராளி விழிக்கிறார். ஏன்?

அழுத்தம், அதாவது ஒரு அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது, இடம் மாறிவிட்டது. முதல் சொல்லில் அது முதல் அசையில், 'ஃப-டாக்-ர-ஃபி'யில் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதில். அழுத்தம் விலகியதும் அந்த அசையின் உயிர் மங்கி, தேய்ந்த அகரம்போல் ஆகிவிடும். நாம் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா உயிரையும் முழுசாக ஒலிப்பதால்தான் கேட்பவருக்குச் சொல் பிடிபடுவதில்லை. அழுத்த அசையை முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் நீட்டி உயர்த்திச் சொல்லுங்கள், மற்றவற்றைச் சுருக்குங்கள்.

கண்டுபிடிக்கப் பின்னொட்டு உதவும். 'ஷன்', 'இக்', 'இட்டி' என முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில். 'எலெக்ட்ரிக்'கில் 'லெக்', 'எலெக்ட்ரிசிட்டி'யில் 'ட்ரி'. 'அரபிக்', 'பாலிடிக்ஸ்' போன்றவை அடங்காதவை; மனப்பாடம்தான். 'நெஸ்', 'மென்ட்' சேர்ந்தால் அழுத்தம் பொதுவாக நகராது.

கேள்வி: அசைப் பிரிப்பும் பொருள் பிரிப்பும் ஒன்றுதானே?

இல்லை. 'ஹெ-லி-காப்-டர்' அசைப் பிரிப்பு. பொருளில் 'ஹெலிகோ' (திருகுச்சுருள்), 'ப்டர்' (சிறகு) என இரண்டே உறுப்பு, இரண்டும் கிரேக்கம். 'ஹெலிபேட்' என்ற சொல் தவறான இடத்தில் வெட்டிப் பிறந்தது. இனி அதைத் திருத்த முடியாது!

கேள்வி: முன்னால் 'இன்' வந்தால் எதிர்மறைதானே?

எப்போதும் அல்ல. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுகிறார்கள்.

கேள்வி: 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' - எங்கே தொடங்குவது?

நடுவில். 'எஸ்டாப்ளிஷ்'தான் வேர்ச்சொல், முன்னால் இரண்டு ஒட்டு, பின்னால் மூன்று. 28 எழுத்து, 12 அசை, முதன்மை அழுத்தம் எட்டாவதான 'டேர்' மீது.

கேள்வி: அகராதியில் அழுத்தத்தைக் காட்ட மேலே நிற்கும் சிறு கோடு எந்த அசைக்கு உரியது?

பன்னாட்டு ஒலிக்குறியீட்டில், அடுத்து வரும் அசைக்கு. சில அமெரிக்க அகராதிகள் கோட்டை அழுத்த அசைக்குப் பின்னால் போடும். முன்பக்க விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.