தீவில் கல்யாணம், மூன்று நாள் லீவு

கேள்வி: கல்லூரித் தோழியின் கல்யாணம் டிசம்பர் முதல் வாரம் அந்தமான் ஹேவ்லாக் தீவில். ஆபீஸில் மூன்று நாள்தான் லீவு. போய்வர முடியுமா? பட்டுப்புடவை எடுத்துப்போகலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியும், ஆனால் கணக்கு இறுக்கமானது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஆனால் ஆட்டோக்காரர் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம் போல. வங்கக்கடலில் புயல் சின்னம் ஏதாவது வந்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் தீவிலிருந்து திரும்புகிற அன்றே சென்னை விமானத்தையும் போட்டு வைக்காதீர்கள், முந்தின நாளே போர்ட் பிளேர் வந்து தூங்குங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் கப்பல்துறையில் பெட்டிமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி விமானத்தைக் கோட்டைவிட்டவன்.

புடவையா? டிசம்பரிலும் அங்கே புழுக்கம்தான். கனத்த பட்டு வேண்டாம், மணலில் கரை இழுபடும், வியர்வையில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். லேசான கைத்தறிப் பருத்தி போதும். அப்புறம், அங்கே அந்த மாதத்தில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், "சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டோ" என்று தோழி சொன்னால் இப்போதே எச்சரித்துவிடுங்கள்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டை நினைவுக்காகப் பையில் போடாதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மொய்யை உறையில் வையுங்கள், குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற வேண்டாம்.