திருடியவன் காப்பாற்றினானா?

அன்புள்ள ஐயா,

கலைப்பொருள் கொள்ளை பற்றிய உங்கள் கட்டுரையில் திருடுபவனையும் உடைப்பவனையும் ஒரே தட்டில் வைத்திருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளைத் தாலிபான்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முன்பே யாராவது அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் இன்று ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்திருப்போமே? திருடுபோனது எங்கேயோ இருக்கிறது. உடைந்தது இல்லவே இல்லை. அப்படியானால் திருடனும் ஒருவகையில் காப்பாற்றுகிறவன்தானே?

வி.

அன்புள்ள வி.,

பாமியான் உங்களுக்குக் கைகொடுக்காது. பெரிய சிலை 55 மீட்டர், சின்னது 38. இரண்டும் மலைப்பாறையோடு சேர்த்துச் செதுக்கியவை. மலையை யார் தூக்கிப்போவது?

பெயர்த்துக்கொண்டு போன கதை வேறொன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் ஃபான் லெ கோக் என்ற ஜெர்மானியர், வடமேற்குச் சீனாவில் துர்ஃபானுக்கு அருகே பெசெக்லிக் குகைகளில் இருந்த பௌத்தச் சுவரோவியங்களை அறுத்தெடுத்து பெர்லினுக்கு அனுப்பினார். ஆகப் பெரிய ஓவியங்களை அங்கே அருங்காட்சியகச் சுவரில் அசையாதபடி பதித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மற்றவற்றைக் கழற்றி ஒளித்துவைக்க முடிந்தது. இவற்றை முடியவில்லை. குண்டுவீச்சில் போயின. குகையில் விட்டுவைத்தவையும் முழுசாகப் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக, எந்த இடம் பத்திரம் என்ற வாதத்தில் நீங்களும் ஜெயிக்க முடியாது, நானும் முடியாது.

என் வழக்கு வேறு. 1999இல் ஜெர்மனியில் நெப்ராவுக்கு அருகே ஒரு குன்றில், அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரோடு அலைந்த இருவர் ஒரு வெண்கலத் தட்டைத் தோண்டியெடுத்தார்கள். குறுக்களவு 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் தங்கத் தகட்டில் பிறைநிலவு, நட்சத்திரங்கள். தோண்டுகிற அவசரத்தில் கருவி பட்டு விளிம்பு சிதைந்தது. கூடவே வாள்களும் கோடரிகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் சுடச்சுட விற்றுவிட்டார்கள். 2002இல் தொல்லியலாளர் ஒருவரே வாங்குபவர் போலப் போக, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் போலீஸ் அதைக் கைப்பற்றியது. இப்போது ஜெர்மனியின் ஹாலே நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, தட்டு பிழைத்துவிட்டது. அதன் வயது என்ன? உலோகத்தைச் சோதித்து அதை நேராகக் கண்டுபிடித்துவிட முடியாது. கூடக் கிடைத்த வாள்களை வைத்துத்தான் கி.மு. 1600 வாக்கில் புதைத்திருப்பார்கள் என்கிறார்கள். ஆனால் தட்டும் வாள்களும் ஒரே குழியில்தான் கிடந்தன என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி யார்? அந்தத் திருடர்கள்தான்! அவர்கள் காட்டிய இடத்தை மறுபடி தோண்டி, ஒட்டியிருந்த மண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியும் 2020இல் இரண்டு தொல்லியலாளர்கள், இவை சேர்ந்து கிடந்தவையே இல்லை, தட்டு சுமார் ஆயிரம் ஆண்டு பிந்தியது என்று எழுதினார்கள். கடுமையான மறுப்பும் வந்தது. எனக்கு மறுத்தவர்கள் சொல்வதே சரியென்று படுகிறது. ஆனால் முறையாக ஒரு அகழாய்வாளர் அடுக்கடுக்காக மண்ணை நீக்கி, படமெடுத்து, குறித்துக்கொண்டு எடுத்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

இன்னொன்று, திருட்டுப் பொருளை விற்க ஒரு பொய்ப் பூர்வீகம் வேண்டும். யூஃப்ரோனியோஸ் என்ற கிரேக்கக் கலைஞர் வரைந்த சாடி ஒன்றை 1972இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெய்ரூட்டில் ஒருவரிடம் நெடுநாள் இருந்த பொருள் என்று விற்றவர் தாள் காட்டினார். உண்மையில் அது இத்தாலியில், செர்வெத்தேரி ஊர்ப் பக்கம், எத்ருஸ்கர் என்ற பழங்கால இத்தாலிய மக்களின் கல்லறை ஒன்றிலிருந்து திருடியது. 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது.

திருடுபவனையும் உடைப்பவனையும் ஒரே தட்டில் வைத்தது கொஞ்சம் அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். சாடியைத் திருப்பித் தர முடிந்தது, பாமியானுக்கு அந்த வழியும் இல்லை. ஆனால் அந்தச் சாடி யாருடைய கல்லறையில் இருந்தது, பக்கத்தில் வேறு என்னென்ன வைத்திருந்தார்கள் என்று இனி யாரைப் போய்க் கேட்பது?